சாமைக் கொல்லையில் அம்மாவின் குரல்

புரட்டாசி, வெள்ளிக்கிழமை இரவு.

காட்டுப்பன்றி வராமலிருக்க, சாமைப் பயிர் நிற்கும் எங்கள் கொல்லையில் ராத்திரி தனியாகக் காவல் இருக்கப் போகிறேன் என்று அப்பா சொன்னார். பக்கத்துக் கொல்லை மாமாவின் தொடையைப் பன்றி கிழித்ததை நான் பார்த்திருக்கிறேன். "காய்கறி வண்டியில கட்டியிருக்கிற மாதிரி மைக்கு ஒண்ணு வாங்கி வைக்கலாம்பா. ஒரு தடவ பேசி வெச்சா அதுவே கத்திக்கினு இருக்கும்" என்று கெஞ்சினேன். திருப்பத்தூரில் வாங்கி வந்தார்.

சாயங்காலம் "ஏய், போ! போ!" என்று தன் குரலைப் பதிந்து கொல்லை நடுவில் கட்டினார். எங்கள் மாட்டுக்கு அப்பா குரல் போதுமே! முளையைப் பிடுங்கிக்கொண்டு ஓடி, சாமையை மிதித்து, மைக்கை நக்கிக்கொண்டு நின்றது. நாயும் போய் மைக்குக்கு வாலாட்டியது. பக்கத்தில் நின்ற அப்பாவை இரண்டும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இன்னாங்க, வூட்டு மாடே பயப்படல, பன்னியா பயப்படும்? இப்டி குடுங்க."

மைக்கை வாங்கி, அப்பா குரலை அழித்துவிட்டுத் தன் குரலைக் கத்திப் பதிந்தாள். "யார்றா அது உள்ள? வெளிய போறியா இல்லியா?"

மாடு ஒரே ஓட்டமாகத் தொழுவத்துக்குப் போய்விட்டது. நாயைக் காணோம். அப்பாவும் இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

"இதுவே போதும். நான் எதுக்கு இங்க?" என்றார்.

இப்போது வீட்டுக்குள் குறட்டை விடுகிறார். பன்றி வந்ததா என்று காலையில்தான் தெரியும்.

அம்மா என் பக்கத்தில்தான் தூங்குகிறாள். ஆனாலும் கொல்லையிலிருந்து அவள் கத்தும்போதெல்லாம், தூங்காமல் இதை எழுதப் பிடித்திருக்கும் டார்ச்சை அணைத்துவிடுகிறேன். இந்த வரியை முடிப்பதற்குள் எத்தனை தடவை