குட்டையன் சொல்ல வேண்டிய பதில்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நலமா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். அங்கே குளிர் தாங்க முடியவில்லை என்று சொன்னாயாமே, அம்மா சொன்னாள். கம்பளிச் சட்டை வாங்கினாயா, இல்லை வழக்கம்போல நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போடுகிறாயா?

நம் படம் முக்கால்வாசி முடிந்துவிட்டது. நெட்டையன், குட்டையன், நம் துப்பறியும் சிங்கங்கள் இரண்டும் உருப்படாமல் நன்றாகவே இருக்கின்றன. குட்டையன் திருடனைக் கண்காணிக்கப் போய்க் காரிலேயே குறட்டை விட, திருடனே கண்ணாடியைத் தட்டி எழுப்புவதாக நீ எழுதினாயே, அதைப் போன வாரம் எடுத்தோம். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். நான் எழுதிய காட்சிகளுக்கும் சிரிக்கிறார்கள், ஆனால் அது இயக்குநருக்குப் பயந்த சிரிப்பு. இது மொக்கை அக்கா என்று மூஞ்சிக்கு நேரே சொல்ல இங்கே ஒரு ஆள் கிடையாது.

நாம் எழுதும் அறையில் உன் நாற்காலி அப்படியே கிடக்கிறது. நெட்டையன் பேசுவதை நான் எழுதி உன் பக்கம் தள்ளுவேன், குட்டையன் பதிலை நீ எழுதித் திருப்பித் தள்ளுவாய், முதலில் சிரித்தவர் டீ போட வேண்டும். இப்போது இரண்டு பேருக்கும் நானே எழுதுகிறேன். டீயும் நானேதான் போட்டுக்கொள்கிறேன்.

கடைசிக் காட்சிதான் உயிரை வாங்குகிறது. ஒரு பாவமும் அறியாத தையல்காரரை உள்ளே தள்ளிவிட்டு, நெட்டையன் முதல்முறையாகத் தப்பு தன்னுடையது என்று குட்டையனிடம் ஒப்புக்கொள்கிறான். குட்டையன் பதிலையும் நானே எழுதி ஒத்திகைக்குக் கொடுத்தேன். அந்த நடிகர் தலையைச் சொறிந்துகொண்டு, மேடம், இவரும் நெட்டையன் மாதிரியே பேசுகிறாரே என்றார். அவரைக் கன்னாபின்னாவென்று திட்டிவிட்டு, மேக்கப் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

நீ கோபித்துக்கொண்டு போன அன்றைக்கும் இதே நடிகருக்குத்தான் நடிப்புச் சொல்லித் தருகிறேன் பேர்வழி என்று, என் தம்பியைப் பார்த்து அப்படியே நடியுங்கள், அரைவேக்காடு, நம்பி ஒரு வேலை கொடுக்க முடியாது என்று மைக்கிலேயே சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். பின்னால் அடுத்த காட்சித் தாளோடு நீ நின்றாய். தாளை நாற்காலியில் வைத்துவிட்டுப் போனாய். நான் கூப்பிடவில்லை. படத்துக்காகச் சொன்னதற்குப் போய் இவ்வளவு ரோஷமா என்று அம்மாவிடம் வேறு மல்லுக்கு நின்றேன். படத்துக்காகச் சொல்லவில்லை தம்பி. நாலு பேர் சிரிக்க வேண்டும் என்று உன்னை விற்றேன். தப்புதான்.

இதோடு கடைசிக் காட்சியின் பக்கத்தை வைத்திருக்கிறேன். மேலே நெட்டையன் பேசுகிறான், கீழே காலி. இருபதாம் தேதி படப்பிடிப்பு. குட்டையன் மன்னிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. போடா என்று திட்டிவிட்டு நடந்துபோனாலும் ஓர் எழுத்துகூட மாற்றாமல் எடுப்பேன். ஒன்றும் எழுதப் பிடிக்காவிட்டால் அதே தாளைத் திருப்பி அனுப்பு, பேசாமல் நிற்கிறான் என்று எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அனுப்புடா.

நீ எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அக்கா