வளைவில் தப்பிய எலக்ட்ரானும் உன் பேரும்

என் தங்க மாப்பிள்ளை சரவணனுக்கு,

இதெல்லாம் நடக்கும்னு நான் முன்னாடியே சொன்னேன். நீ உயிரோடு கடைசியா ஊருக்கு வந்தப்ப, மலையடிவாரத்துக் காரவள்ளியில் பஸ் ஏறினதுமே உன் வேலையை எனக்கு விளக்கினாய். ரெண்டு உலோகச் சுவருக்கு நடுவே, கண் சிமிட்டுறதுக்குள்ள பெரிய மின்சாரத்தை அனுப்பணும். ஒரு சுவரிலிருந்து எலக்ட்ரான் பிய்ச்சுக்கிட்டு எதிர்ச்சுவருக்குத் தாவப் பார்க்கும். அந்த மின்சாரம் உண்டாக்குற காந்தமே அதை மடக்கி வழியோட ஓட்டிடும். மடங்காம எத்தனை தப்பிக்கும்னு கம்ப்யூட்டரில் கணக்குப் போடுறது உன் உத்தியோகம்.

"வளைவுலதான் தப்பிக்கும் சாமி" என்றேனா இல்லையா? உடனே கொண்டை ஊசி வளைவில் ஒரு பலாப்பழம் உருண்டு டிரைவர் காலடிக்கே போச்சு. பஸ்ஸே என் பக்கம்!

போன வாரம் உன் ஆபீஸ் கயல்விழி வந்தது. மிஷினை ஓட்டிப் பார்த்தாங்களாம். சுவர் வளையுற இடத்துல தப்பிக்கும்னு நீ கணக்குப் போட்டுச் சொன்னபடியே எலக்ட்ரான் தப்பிச்சதாம். அன்னிக்கு உன் கணக்கைப் பார்த்துச் சிரிச்ச ஆபீஸ்காரங்க இப்ப அதை வச்சே கட்டுரை எழுதுறாங்க. அதுல உன் பேர் முதலில் வரணும், அதுக்குச் சம்மதம்னு உங்கம்மா கையெழுத்து வேணும் என்றது.

செத்தவனுக்கு எதுக்கு இவ்வளவு மரியாதை? நாளைக்குக் கணக்கு தப்பானா, பதில் சொல்ல வராத ஆள் பேர் வசதிதானே? அந்தப் பொண்ணு காபிகூடத் தொடலை.

"வளைவுல வாந்தி வந்துடுச்சுங்க அங்கிள்" என்றது. நான் நம்புவேனா?

உங்கம்மா பேனாவை எடுத்துட்டாங்க. "அக்கா, இந்தப் பொண்ணை நம்பாதீங்கன்னு சரவணன் போன்ல சொன்னான்" என்றேன்.

"அப்படியா சொன்னான் தம்பி?"

"என் காதால கேட்டேன்."

"என்னையவா?" என்று மட்டும் கேட்டுட்டு அந்தப் பொண்ணு கிளம்பிருச்சு.

அதிலிருந்து உங்கம்மா உன் போட்டோ முன்னால உட்கார்ந்து, "நம்ப ஒரு ஆள்கூட இல்லாமயா கண்ணு அங்க இருந்தே?"ன்னு கேட்கறாங்க. அதை எப்படிக் காது கொடுத்துக் கேட்பேன்?

கட்டுரை மேல எனக்கு இன்னும் சந்தேகந்தான். வரி வரியாத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்பேன். ஆனா அந்தப் பொண்ணைப் போன் பண்ணித் திரும்ப வரச் சொல்லியிருக்கேன்; நாளைக்குக் காரவள்ளிக்கு நானே இறங்கிப்போய்க் கூட்டிட்டு வாரேன். உங்கம்மா முன்னால உண்மையைச் சொல்றேன். நீ அப்படிச் சொல்லவே இல்லை. அது நானாக் கட்டினது. நீ போன்ல சொன்னது வேற: "என் கணக்குல தப்பிருந்தா கயல் கண்டுபிடிச்சிரும் மாமா. அந்தத் தைரியத்துலதான் தூங்கறேன்."

இப்படிக்கு,
உன் தாய்மாமன்