எறும்பு மொய்த்த தட்டு

10-10-55, திங்கள்
விடியற்காலையிலிருந்து மழை. செம்பருத்தி போத்தல் எட்டில் மூன்றில் பூஞ்சை. கொட்டியாச்சு. மிச்சம் ஐந்து. உள்ளே வேரில்லை, இலையில்லை, செம்பருத்தித் துண்டிலிருந்து வளர்த்த வெறும் செடிச் சதை. இளநீரும் சீனியும் குடித்து வளர்கிறது. இது சுரக்கும் பசை அதிகமா, முழுச் செடியின் இலைப் பசை அதிகமா? லேப் துரையின் கேள்வி. இப்போது என் கேள்வியும்தான். சனிக்குள் நல்ல பதில் வராவிட்டால், போத்தல் அலமாரியை ரப்பர் பால் சோதனைக்கு எடுத்துக்கொள்வாராம் மானேஜர்.

தோட்டத்து லய வீடுகளைச் சுற்றிய முள்வேலி கேட்டில் காவல்காரர் இளநீரை விடவில்லை. "முழுசா வெளிய போகக் கூடாதுக்கா. காட்டுல ஒளிஞ்சிருக்கற கம்யூனிஸ்டுக்காரனுங்க கைக்குப் போயிடும்லா." மூன்றையும் அங்கேயே வெட்டிவிட்டார். சிந்தாமல் லேப் வரை நடந்தேன். கொதிக்க வைத்து, ஆறியதும் போத்தல்களில் ஊற்றினேன். வேறு வழி?

பெடாஸ் டவுனில் வாங்க: சோப்பு, நூல், அம்மாவுக்குத் தைலம்.

12, புதன்
இரண்டு போத்தல் சதை, அதே எடைக்கு இலை. அரைத்து, வெந்நீரில் ஊறவைத்து, வடிகட்டி, ஸ்பிரிட் ஊற்றினேன். இரண்டிலும் பசை வெள்ளையாகத் திரண்டது.  உலர்த்தி எடை போட்டால் போத்தல் பசை இரண்டு மடங்கு! துரை உடனே மேலிடத்துக்குக் கடிதம் போட்டுவிட்டார். மத்தியானம் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

13, வியாழன்
போத்தல் பசைத் தட்டில் எறும்பு. பக்கத்திலேயே இலைப் பசை, அதை ஒன்றுகூடத் தொடவில்லை. விரலால் தொட்டு நக்கினேன். தித்திப்பு.

சதையைக் கழுவாமல் அரைத்திருக்கிறேன். ஒட்டியிருந்த சீனியையும் சேர்த்து எடை போட்டிருக்கிறேன். வீட்டில் அரிசியை மூன்று தண்ணீர் களைபவள் நான். வெட்கம்.

அந்தப் பசையைத் தண்ணீர் கலந்த ஸ்பிரிட்டில் நாலு முறை கழுவினேன். மிஞ்சியது ஒரு சிட்டிகை. இலையில் பாதிகூட இல்லை.

போத்தல் கழுவும் பாக்கியம்: "கம்முனு இரு அக்கா. தொரையே சந்தோஷமா இருக்காரு."
இருக்க முடியாது.

14, வெள்ளி
சொல்லிவிட்டேன். துரை முகம் சிவந்துபோச்சு. "லெட்டர் போயாச்சே."
"அதான் தொரே, இன்னிக்கே இன்னொண்ணு போகணும்."
 பிறகு பேனாவை எடுத்து, "நீ சொல்லு" என்றார். சொன்னேன். போத்தலில் பசை உண்டு, இலையில் பாதிக்கும் குறைவு. முந்தின எடை தப்பு.
"தப்பு யாருதுன்னு எழுத?"
"எம் பேரப் போடுங்க."

15, சனி
அலமாரி போச்சு. மிச்சமிருந்த மூன்று போத்தலையும் பாக்கியம் தொட்டிப் பக்கம் கொண்டுபோனாள். "இதையும் கொட்டிடவாக்கா?" பிடுங்கி ஜன்னல் கட்டையில் வைத்தேன். துரை பார்த்தார், எடுக்கச் சொல்லவில்லை. திங்கள் மறுபடி அரைக்கணும். கழுவிவிட்டு.