இறங்கியதைச் சொல்லவில்லை

தை 23, செவ்வாய் இரவு

முழங்கால் வீங்கியிருக்கிறது. நடுச்சாமம் தாண்டியும் நித்திரை வரவில்லை.

எங்கள் வேட்டைக் குழுவில் நாலு பேர். காட்டில் பரண் ஏறும்போது "ஏறிவிட்டேன்" என்றும், இறங்கியதும் "இறங்கிவிட்டேன்" என்றும் வாட்ஸ்அப்பில் எழுத வேண்டும். இரண்டாவது வராவிட்டால் மற்றவர்கள் தேடிப் போக வேண்டும். இன்று பின்னேரம் எழுதிவிட்டுத்தான் ஏறினேன்.

அதற்கு முன், ஸ்டுட்கார்ட்டில் மகளின் குழந்தையைப் பார்க்கப் போயிருக்கும் மனைவி எனக்கு ஃபோன் எடுத்தாள். "உந்தக் குளிருக்குள்ள ஏன் போறியள்? கவனமாய் இறங்குங்கோ. பத்துக்குப் பிறகு எடுக்காதேங்கோ, பிள்ளை எழும்பிடும்."

"ஓம்" என்றேன்.

பனியில் நல்ல நிலா. நரியைக் கூப்பிட, அடிபட்ட முயல் கத்துவதுபோல் ஊதுகுழலில் ஊதினேன். நரி ஒன்று வந்து பரணுக்குக் கீழேயே குந்தியிருந்து முயலைத் தேடியது. சுட மனம் வரவில்லை. அவ்வளவு கூப்பிட்டதற்கு அது ஒன்றுதானே வந்தது. அது போனபின் இறங்கும்போது ஏணியில் வழுக்கி விழுந்தேன். வலியில் செய்தி எழுத மறந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பத்து மணிக்குத்தான் ஞாபகம் வந்தது. ஃபோனைக் கையில் எடுத்தேன். யார் கேட்கிறார்கள் என்று பார்ப்போமே என்று திரும்ப வைத்துவிட்டேன். பதினொரு மணிக்குக் கிளவுஸ் தான் சுட்ட பன்றியின் படத்தைப் போட்டான். மற்ற இருவரும் பெருவிரல் காட்டினார்கள். படத்துக்கு நேர் மேலே என் "ஏறிவிட்டேன்" கிடக்கிறது.

ஃபோனின் சத்தத்தைக் கூட்டித் தலையணைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அவர்களைப் பொறுத்தவரை நான் இன்னும் பரண்மேல்தான் இருக்கிறேன்.