கவிழ்த்து வைத்த துணி

ஆவணி, ஞாயிறு.

ராணி வீட்டில் வாராவாரம் ஏழு பேர் கூடி, தையல் மிஷினில் துணியை இழுக்கும் பல்லை இறக்கிவிட்டு, துணியைக் கையாலேயே நகர்த்திப் பஞ்சுப் போர்வையில் பூங்கொடி தைக்கப் பழகுகிறோம். தைத்ததைக் கவிழ்த்து வைக்க வேண்டும். தப்பெல்லாம் பின்பக்கத்தில்தான் தெரியும். யாரும் சிரிக்காமல் ஆளுக்கொரு திருத்தம் சொல்வார்கள். அப்படித்தான் மூன்றே மாதத்தில் மூவுலகும் மெச்சும் தையல் சக்கரவர்த்தி ஆனேன்.

இன்று என் கொடிகள் கண்டபடி கோணியிருந்தன.

"கல்வராயன் மலை ரோட்டு வளைவு ஒண்ணு விடாம தைச்சிருக்கேன்" என்றேன்.

ஒருவரும் திருத்தம் சொல்லவில்லை. ராணி என் கையைப் பிடித்துப் பார்த்தாள்.

"இது மிஷின் கோளாறு இல்ல மாமா. கை நடுங்கிக்கினு இருக்குது. எத்தினி நாளா?"

"பூமி சுத்துது இல்ல, அதோட சேந்து ஆடுது."

"இந்தக் கதைய டாக்டருகிட்ட சொல்லுங்க. காலையில எட்டு மணி பஸ்ஸுல கள்ளக்குறிச்சி போறோம். நானும் வரேன்."

சரி என்றேன். மற்றவர்கள் என் துணியைத் தப்பு தெரியாதபடி மெதுவாக நிமிர்த்தி வைத்தார்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

அப்பாவுக்கும் நடுக்கம் வலது கையில்தான் ஆரம்பித்தது. கடைசி நாலு வருஷம் அம்மாதான் கஞ்சி ஊட்டினாள். ராணியிடம் அதைச் சொல்லவில்லை. பக்கத்தில் தூங்கும் மனைவியிடமும் இன்னும் சொல்லவில்லை.