தடுப்புக் கண்ணாடி

திண்டிவனம்
12.5.2013

அன்புள்ள ஜெயம் அக்காவுக்கு, தங்கை அம்பிகா எழுதுவது. உன் சங்கவிக்கும் நம் தம்பி செல்வகுமாருக்கும் ஆவணியில் கல்யாணம் என்று அவன் சொன்னான். நீ போனை எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம்.

என் அரி தலையில் நீர் கோத்து எட்டாம் மாதத்தில் போனான் அல்லவா, அவன் ரத்தத்தை ஆராய்ச்சிக்கு எடுத்துப்போன மேடம் என்னைச் சென்னைக்கு அழைத்து ஒரு மீனைக் காட்டினார். வரிவரியாக, சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. அதன் குஞ்சு கண்ணாடி மாதிரி, மூளை வெளியிலேயே தெரிகிறது. உள்ளே கண்ணுக்கு எட்டாத முடிகள் ஆடி ஆடி நீரைத் தள்ளுமாம். அரிக்கு இருந்த குறையை இந்த மீனுக்குள் வைத்திருக்கிறார்கள். முடி ஆடவில்லை. நீர் தேங்கித் தலை வீங்கி, உடம்பு அரிவாள் போல வளைந்து கிடந்தது.

"இதோட அப்பா அம்மா எங்க?" என்று கேட்டேன். தொட்டியில் ஆணும் பெண்ணுமாக இரண்டு மீன், ஜோராக நீந்துகின்றன. வெளியே தெரியாமல் அந்தக் குறை இரண்டுக்குள்ளும் ஒளிந்திருக்கிறதாம். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். நடுவில் கண்ணாடித் தடுப்பு. விடிந்ததும் அதை எடுத்தால் சேரும். குஞ்சுகள் நாலில் மூன்று நன்றாக நீந்தின. ஒன்று வளைந்தது.

நான் அம்மாவின் தம்பியைக் கட்டியவள். சங்கவியும் தம்பியும் ரத்தம் கொடுத்து, அந்தக் குறை அவர்களுக்குள்ளும் இருக்கிறதா என்று பார்க்கட்டும். அதுவரை தடுப்பை எடுக்காதே.

உன் அம்பிகா

விழுப்புரம்
20.5.2013

அம்பிகாவுக்கு, ஜெயம். உன் கடிதத்தைப் படித்து அடுப்பில் போட்டேன். "மீனுகிட்ட ஜாதகம் பாத்துக்கினு வந்துட்டாளா உன் தங்கச்சி?" என்று என் வீட்டுக்காரர் சிரிக்கிறார். நம் வீட்டில் தாய்மாமனுக்குக் கொடுக்காத பெண் யார்? பிள்ளையைப் பறிகொடுத்தவளை என்ன சொல்ல. ஆனால் மஞ்சள் இடிக்கும் வீட்டுக்கு உன் பேச்சு ஆகாது. தாலி கட்டி முடிந்தபிறகு வந்து சாப்பிட்டுவிட்டுப் போ.

ஜெயம்

விழுப்புரம்
3.3.2014

அம்பிகா,

சங்கவிக்கு ஐந்தாம் மாதம். இன்று ஸ்கேன் எடுத்தோம். கலகலவென்று பேசிக்கொண்டிருந்த டாக்டரம்மா, குழந்தையின் தலைப்பக்கம் வந்ததும் நிறுத்திவிட்டாள். டிவியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "இன்னொரு டாக்டரும் பாக்கட்டும், வெள்ளிக்கிழமை வாங்க" என்றாள்.

பஸ்ஸில் சங்கவி, "இன்னாம்மா, அந்த டாக்டரம்மா அப்புறம் சிரிக்கவே இல்ல?" என்றது. "பல்லு வலி போலக்குதுடி" என்றேன்.

உன் கடிதத்தை எரித்துவிட்டேன். நாலில் மூன்று நன்றாக நீந்தின என்று எழுதியிருந்தாயே, அந்த ஒரு வரியை மட்டும் மறுபடியும் எழுதி அனுப்பு.

அக்கா