ஒரே நம்பர், இரண்டு போன்

மார்ச் 4, செவ்வாய்

காலையிலேயே ‘அரை அங்குலம்’ போன் செய்துவிட்டாள். பெயர் நான் வைத்ததுதான். எந்த கவுன் தைத்துக் கொடுத்தாலும் மறுநாளே கூப்பிட்டு, இடுப்பில் அரை அங்குலம் இளக்கித் தரச் சொல்வாள். அவளைச் சமாளித்து ரிசீவரை வைக்கிறேன், வாசலில் தம்பி மனைவி. மாடியிலிருந்து இறங்கி வருகிற ஒரே ஆள் அவள்தான். கையில் ஒரு படிவம்.

“அண்ணி, இந்த லேண்ட்லைனை எடுத்துடலாம்னு பாக்கறோம். அத்தை போயும் லைன் இன்னும் அவங்க பேர்லயே இருக்கு. அதனால அவரும் நீங்களும் சேர்ந்து கையெழுத்துப் போடணுமாம்.”

“எடுத்துடலாம்னு யார் முடிவு பண்ணினது?”

“இப்ப எல்லார்கிட்டயும் செல் இருக்கே அண்ணி...”

“என்கிட்ட இல்லையே.”

படிவத்தை வாங்கி மிஷின் மேல் வைத்து, அதன்மேல் பெரிய கத்தரிக்கோலை வைத்தேன். அவள் படியேறிப் போய்விட்டாள்.

அவன் வேலைதான் இது. நேரே வந்து கேட்க வாயில்லை, பெண்டாட்டியை அனுப்புகிறான். கையெழுத்தாம். நான் செத்த பிறகு கட்டைவிரலைப் பிடித்து வைத்துக்கொள்ளட்டும்.

மார்ச் 6, வியாழன்

தொலைபேசி அலுவலகத்திலிருந்தே ஒரு கடிதம் வந்துவிட்டது. தெருவில் பழைய செம்புக் கம்பி லைன்களை எல்லாம் இம்மாதம் 31-ஆம் தேதியோடு நிறுத்துகிறார்களாம். ஆட்சேபம் இருந்தால் எழுதிக் கொடுக்கலாமாம். இருக்கிறது. எழுத உட்கார்ந்தேன்.

காரணம் என்று என்ன எழுதுவது?

ஒரே லைன், இரண்டு போன். கீழே என்னுடையது தந்த நிறம். மாடியில் இருப்பது சிவப்பு. மணி அடித்தால் இரண்டும் சேர்ந்து அடிக்கும். மாடிக்கு வந்த அழைப்பை நான் எடுத்துவிட்டால், அளவுகோலால் கூரையை இரண்டு தட்டு தட்டுவேன். எனக்கு வந்ததை அவன் எடுத்துவிட்டால், குதிகாலால் தரையை மூன்று உதை உதைப்பான். ஒன்பது வருடமாக என் தம்பிக்கும் எனக்கும் இருக்கிற பேச்சு அவ்வளவுதான். இதை மனுவில் எழுத முடியுமா?

வேறு என்ன? டயலில் ஒன்பதைச் சுற்றிவிட்டால் அது திரும்பி வர ஒரு நேரம் எடுத்துக்கொள்ளும். நம்பர் முழுவதும் சுற்றி முடிப்பதற்குள் பாதிக் கோபம் ஆறிவிடும். ஆறவில்லையென்றால் பேசி முடித்து ரிசீவரை ஓங்கி வைக்கலாம். செல்லில் கோபத்தைக் கொண்டுபோய் எங்கே வைப்பது? கண்ணாடியைத் தடவியா?

கடைசியில் “இது என் தொழிலுக்குத் தேவை” என்று ஒரு வரி எழுதி, உறையை ஒட்டித் தபாலில் போட்டேன். பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை.

மார்ச் 11, செவ்வாய்

தொலைபேசி அலுவலகத்துக்கு நேரிலேயே போனேன். மூன்றாவது மாடி, லிஃப்ட் வேலை செய்யவில்லை. அங்கே இருந்த அதிகாரிக்கு என் பிள்ளை வயது இருக்கும், எனக்குப் பிள்ளை இருந்திருந்தால். புதிதாக எழுதிக் கொண்டுபோன மனுவை மேலும் கீழும் பார்த்தார்.

“அம்மா, உங்க தெருவுல இன்னும் மிச்சம் இருக்கறதே உங்க வீட்டு லைன் ஒண்ணுதான்.”

“அப்ப பாத்துக்கறது சுலபம்தானே?”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் மசியவில்லை. “ஒரு சின்ன செல் வாங்கிக்கோங்கம்மா, நானே கத்துத் தரேன்.”

“தம்பி, நான் நாப்பது வருஷமா துணி தைக்கறேன். ஊசியில நூல் கோக்கறவளுக்கு பட்டன் அழுத்தத் தெரியாதா? தெரியாம கேக்கல. வேண்டாம்னு சொல்றேன்.”

மனுவைப் பெற்றுக்கொண்டதாக முத்திரை குத்தித் தரச் சொன்னேன். குத்தினார். அடுத்த செவ்வாயும் வருவேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

மார்ச் 17, திங்கள்

தம்பியோடு லிஃப்ட் கம்பெனியில் வேலை பார்த்த நண்பர் போன் செய்தார். காது கொஞ்சம் மந்தம். தெருவுக்கே கேட்கிற மாதிரி பேசுவார். நான்தான் எடுத்தேன். கூரையைத் தட்டுவதற்கு முன்னால், என்னவோ வாயில் வந்துவிட்டது:

“அவன் செல்லுக்கே அடிக்கலாமே நீங்க?”

“அடிச்சேனே! திட்டறான்மா. வீட்டு நம்பருக்கு அடி, வீட்டு நம்பருக்கு அடிங்கறான். அதுல என்ன ருசியோ!”

தட்டினேன். மாடியில் நாற்காலி நகர்ந்தது.

ஏன் அப்படிச் சொல்லியிருக்கிறான்? லைனை எடுக்கப் பார்க்கிறவன்?

மார்ச் 18, செவ்வாய்

சொன்னபடியே அலுவலகம் போனேன். அதிகாரி விடுப்பு. இன்னொரு மனுவை அவர் மேசை மேல் வைத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 21, வெள்ளி

இன்று வேலையே ஓடவில்லை. மத்தியானம் மிஷினை மூடிவிட்டு இதை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இந்த நோட்டில்கூட நான் எழுதாத ஒன்று இருக்கிறது. எழுதியே தீர்வது.

ஒன்பது வருடத்துக்கு முன்னால், அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்து இரண்டாவது நாள். அவனும் அவன் மனைவியும் அங்கே இருந்தார்கள். நான் வீட்டில். பள்ளிக்கூடத்துச் சீருடை முப்பது மறுநாள் கொடுத்தாக வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு அழைப்பு, எனக்கு ஆச்சா, என் பிள்ளைக்கு ஆச்சா என்று. எரிச்சலில் ரிசீவரை எடுத்துத் துணிக்குவியல் மேல் போட்டுவிட்டேன். ஒரு மணி நேரம்தான். ஒரே ஒரு மணி நேரம்.

அந்த ஒரு மணி நேரத்தில்தான் டாக்டர் வந்து, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும், கையெழுத்துப் போடுங்கள் என்றிருக்கிறார். அவன் போட்டான். அம்மா மேசையிலிருந்து எழுந்திருக்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்ததும் அந்த வராண்டாவில், அத்தனை சொந்தக்காரர்கள் முன்னால் — “என்னை ஒரு வார்த்தை கேட்டியாடா? நீதான்டா அம்மாவைக் கொன்னே!” — சொன்னேன். ஆமாம், சொன்னேன். அவன் என் முகத்தையே பார்த்தான். அன்றைக்கு மூடின வாய்தான்.

அவன் கூப்பிட்டானா என்று நான் இதுவரை கேட்டதில்லை. கேட்க பயம். கூப்பிட்டிருந்தால்? இல்ல, கூப்பிட்டிருக்க மாட்டான். எப்படித் தெரியும் எனக்கு? தெரியாது. தெரியவே தெரியாது. அதான் விஷயம்.

மார்ச் 26, புதன்

தம்பி மனைவி மறுபடியும் வந்தாள். படிவம் கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று நானே முந்திக்கொண்டேன்.

“போய் உன் புருஷன்கிட்ட சொல்லு. அவன் தலைகீழா நின்னாலும் நான் கையெழுத்துப் போடமாட்டேன்.”

அவள் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். “அவரும்தான் போடமாட்டேங்கறார்.”

“என்னது?”

“எனக்குத்தான் அண்ணி அந்த போன் வேண்டாம். அது அடிச்சா நீங்க தட்டறீங்க, இல்லாட்டி அவர் உதைக்கறார். நடுவுல இருக்கற எனக்கு நெஞ்சு திக்குதிக்குங்குது. உங்ககிட்ட முதல்ல வாங்கிட்டா அவரும் போட்டுடுவார்னு நினைச்சேன். அவர்கிட்ட, அண்ணி போட்டுட்டாங்கன்னு பொய்கூட சொல்லிப் பாத்தேன்.”

“அதுக்கு என்ன சொன்னான்?”

“‘அவ போடமாட்டா’ன்னு சொல்லிட்டு பேப்பர் படிக்கப் போயிட்டார்.”

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தேன். படிவத்தை இருவருமாக நான்காக மடித்து, ஆடுகிற மேசைக் காலுக்கு அடியில் வைத்தோம். இப்போது ஆடவில்லை.

மார்ச் 31, திங்கள்

பதினொன்றே காலுக்கு எடுத்துப் பார்த்தேன், ஒலி இருந்தது. பன்னிரண்டு மணிக்கு இல்லை. வழக்கமான அந்த ர்ர்ர் இல்லை, கரகரப்பு இல்லை, ஒன்றுமே இல்லை. காதில் மரக்கட்டையை வைத்துக்கொண்டது போல இருந்தது.

எங்கள் கையெழுத்து அவர்களுக்குத் தேவைப்படவே இல்லை. என் மூன்று மனுவும் எந்தக் காகிதக் கட்டுக்குள் கிடக்கிறதோ.

கழற்றி வைக்கமாட்டேன். துடைத்து அதே இடத்தில் வைத்தேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

சமாதானம் பேச நான் மாடிக்குப் போகவில்லை. என் போனின் வயர் எந்த வழியாகப் போகிறது என்று பார்க்கப் போனேன். அதை இங்கே தெளிவாக எழுதிவைக்கிறேன்.

பாதிப் படியில், சுவரில் இருக்கும் இணைப்புப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்தான். வாயில் இரண்டு திருகாணி. தலை முழுக்க நரைத்துவிட்டது. மாடியில் குதிகால் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்ததில், அவனுக்கு இன்னும் கறுப்பு முடி என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

நான் நிற்பதைப் பார்த்தான். திருகாணிகளைக் கையில் துப்பினான்.

“டார்ச்சைப் பிடி.”

பிடித்தேன். முக்கால் மணி நேரம். வெளியே போகிற கம்பியை வெட்டிவிட்டு, மாடிக் கம்பியையும் கீழ்க் கம்பியையும் நேரே முறுக்கினான். நடுவில் ஒரு பேட்டரி, இரண்டு போனுக்கும் இடையே மட்டும் பேச. “கையை ஆட்டாதே” என்று ஒரு தரம் சொன்னான். “ஆட்டல” என்றேன். அவ்வளவுதான். டார்ச் பிடித்த கை இன்னும் வலிக்கிறது.

ஏப்ரல் 5, சனி

மூன்று மணிக்கு அடித்தது. பழைய மணிச்சத்தம் இல்லை. லிஃப்டில் மாட்டுகிற சின்ன பஸ்ஸர் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டியிருக்கிறான். எடுத்தேன்.

“கேக்குதா?”

“கேக்குது.”

“கரகரப்பு இருக்கா?”

“உன் குரல்தான் கரகரங்குது. கிழவனாயிட்டே.”

வைத்துவிடப் போகிறான் என்று தோன்றியது. எதிரே அவன் முகம் இல்லை. கையில் ரிசீவரின் கனம் மட்டும். முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் சொல்லியிருக்கவே முடியாது.

“அன்னைக்கு நான் ரிசீவரை எடுத்து வெளியில போட்டிருந்தேன்டா. வேணும்னேதான் போட்டேன்.”

“தெரியும்க்கா.”

அக்கா என்றான்.

“எப்படி?”

“ஒரு மணி நேரம் அடிச்சேன். அத்தனை தடவையும் என்கேஜ்டு. நீ எந்தக் கஸ்டமர்கிட்ட அஞ்சு நிமிஷத்துக்கு மேல பேசியிருக்கே?”

“அப்ப அங்கேயே சொல்லியிருக்கலாமே! அத்தனை பேர் முன்னாடி நான் உன்னை அப்படிக் கேட்டப்ப...”

“சொல்லியிருந்தா நீ தாங்கியிருப்பியா?”

ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன். “அவ்வளவு நினைச்சவன் ஒன்பது வருஷம் ஏன்டா பேசாம இருந்தே?” என்று கேட்டேன்.

“கோவம் இருக்காதா எனக்கு?”

நியாயம்தான்.

“நான் சொன்னது தப்புடா. அம்மாவை நீ ஒண்ணும் பண்ணல.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, “மோட்டார் போட்டிருக்கேன். உன் பக்கம் குழாய் திறந்திருக்கான்னு பாரு” என்று சொல்லி வைத்துவிட்டான்.

போய்ப் பார்த்தேன். திறந்துதான் இருந்தது.

ஏப்ரல் 6, ஞாயிறு

காலையிலிருந்து ஏழு தரம் அடித்துவிட்டான். ஒன்றும் உருப்படியான விஷயமில்லை. உப்பு இருக்கிறதா, மழை வருமா, நீ தும்மினாயா. ஏழாவது தரம் ரிசீவரை ஓங்கி வைத்தேன். என்ன சுகம்!

மே 22, வியாழன்

போன் ஒரு வாரமாக வேலை செய்யவில்லை என்பதைத் தம்பி மனைவி சொல்லித்தான் கவனித்தோம். பேட்டரி தீர்ந்திருக்கிறது. தினமும் பதினோரு மணிக்கு இறங்கி வந்து, என் மிஷினுக்கு எண்ணெய் போடுகிறேன் பேர்வழி என்று சாயங்காலம் வரை இங்கேயே உட்கார்ந்து வம்பளக்கிறவனுக்கு போன் எதற்கு?

அவளும் அதைத்தான் கேட்டாள். “அப்ப ரெண்டையும் கழட்டிடட்டுமா அண்ணி?”

“தொடாதே!” என்று நாங்கள் இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினோம்.

தொடட்டும், பார்க்கலாம்.